கால் உளைச்சலும் யோபுவின் இரவும்



இன்றைய முதல் வாசகத்தில் யோபு தம் பிள்ளைகளைப் பறிகொடுத்ததைச் சொல்லவில்லை. கொள்ளைபோன மாடுகளையும் ஒட்டகங்களையும் சொல்லவில்லை. படுக்கையைப் பற்றிச் சொல்கிறார். படுத்த உடனே எப்போது எழுந்திருப்போம் என்று இருக்கிறதாம். இரவு நகர மாட்டேன் என்கிறதாம். கிழக்கு வெளுக்கும்வரை புரண்டு புரண்டு கிடக்கிறாராம். எல்லாம் போன மனிதர் கடவுளிடம் முறையிட உட்கார்ந்தபோது, தூக்கம் போனதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். அற்ப விஷயம் என்று அதை அவர் ஒதுக்கவில்லை.

நான் குருவான பிறகு இந்த வாசகத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். துன்பம், பொறுமை என்று பொதுவாகப் பேசிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பியிருக்கிறேன். அந்தப் புரளல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் பிறந்த வீட்டிலேயே அது இருந்தது.

சிறு வயதில், இரவுச் செபமாலை முடிந்ததும் எனக்கு ஒரு வேலை உண்டு. அம்மா பாயில் குப்புறப் படுப்பார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய கெண்டைக்காலில் ஏறி நின்று மிதிப்பேன். "இன்னும் கொஞ்சம் கீழய்யா... ஆங், அந்த இடந்தான்" என்பார்கள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இறங்கிப் படுத்த கொஞ்ச நேரத்தில், பாயில் கால் உரசும் சத்தம் கேட்கும். சரக், சரக் என்று ஒரு பாதம் இன்னொரு பாதத்தைத் தேய்க்கும் சத்தம். பிறகு கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் திறக்கும். அம்மா வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடப்பார்கள். தொட்டியில் இருந்து தண்ணீர் மொண்டு முழங்காலுக்குக் கீழே ஊற்றிக்கொள்வார்கள். பழைய சேலையைக் கிழித்த இரண்டு துண்டுகள் அவர்கள் தலையணைக்கு அடியிலேயே இருக்கும். கடைசியில் அவற்றை எடுத்து இரண்டு கெண்டைக்காலிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கட்டின் தடம் தோலில் பதிந்து கிடக்கும்.

ஒருநாள் கேட்டேன், "வலிக்குதாம்மா?" என்று. அம்மா கொஞ்சம் யோசித்தார்கள். "வலின்னு சொல்ல முடியாதுய்யா. எலும்புக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு. காலை ஒரு இடத்துல வச்சிருக்க முடியல, அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லில்தான் அம்மா வாழ்நாள் முழுக்க நின்றுவிட்டார்கள். இதைப் போய் யாரிடம் சொல்வது? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். காயம் என்றால் காட்டலாம். கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? பாட்டி, "உட்கார்ந்து காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்பார்கள். ஒரு மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்றார். இன்னொருவர், மனதில் கவலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். பூசையில் அம்மா கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார்கள். நான் குருமடத்தில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது, "குருமடத்து மாணவனோட அம்மா இப்படிப் பின்னால நின்னா என்ன நினைப்பாங்க, முன்னால வந்து உட்காருங்கம்மா" என்று கடிந்துகொண்டேன். அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பூசை முழுவதும் சேலைக்குள் அவர்களுடைய கால் துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அன்று இரவு சொன்னார்கள்: "செபத்துல என் மனசு நிக்கலய்யா. அதான் கடவுள் என் காலையும் நிக்க விடல."

இறையியல் படித்துக்கொண்டிருந்த நான் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் தவறு என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று சொல்கிறேன்.

அம்மா இறந்து பல ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு நற்கருணை கொண்டுபோனேன். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டிய கட்டில் அது. அவர் குதிகாலை மெத்தையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என்ன ஐயா செய்கிறது?" என்றேன். "எலும்புக்குள்ள எறும்பு ஊருது சாமி" என்றார். அம்மாவின் அதே சொற்கள். என் கையில் நற்கருணைச் சிமிழ் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற செவிலியர் சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்குப் பேர் இருக்கு ஃபாதர். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். கிட்னி நோயாளிகளுக்கு நிறைய வரும்."

பேர் இருக்கிறது. என் அம்மாவுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

அந்தப் பேரைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1672-இல், லத்தீனில் எழுதிய நூலில், படுத்ததும் கைகால்கள் துள்ளித் துடிப்பதால் உறங்கவே முடியாமல் சித்திரவதைப்படும் நோயாளிகளை விவரித்திருக்கிறார். பிறகு 1861-இல் ஜெர்மனியில் விட்மாக் என்பவர் இதை மனப்பதற்றத்தின் கணக்கில் எழுதினார். பெண்களின் மனக்கோளாறு என்று தள்ளிவிடுவதற்கு அது வசதியாகப் போயிற்று. 1940-களில் கார்ல்-ஆக்சல் எக்போம் என்ற சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் நோயாளிகள் சொன்னதை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டு, 1945-இல் ஒரு முழு ஆய்வு நூலாக எழுதி, இன்று வழங்கும் பெயரை நிலைக்கச் செய்தார். வில்லிஸ்–எக்போம் நோய் என்றும் இப்போது இதைச் சொல்கிறார்கள். என் அம்மாவிடம் கவலைப்படாதீர்கள் என்று சொன்ன மருத்துவர்மீது எனக்கு இன்று கோபம் இல்லை. ஆனால் அந்த நாளில், அந்த நோய் நூலில் ஏறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது என்பதை நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதை ஏன் பூசையில் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். இங்கே இருப்பவர்களில் யாருக்கோ இன்று இரவும் இது வரப்போகிறது என்பதால் சொல்கிறேன்.

எப்படி அடையாளம் காண்பது? காலை அசைக்க வேண்டும் என்று அடக்க முடியாத ஓர் உந்துதல் வரும். கூடவே ஊர்வது, குடைவது, உளைவது, இழுப்பது என்று அவரவர் சொல்லும் ஓர் உணர்வு இருக்கும். உட்கார்ந்தால், படுத்தால் வரும். எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்கு விடும். சாயங்காலம் தொடங்கி நடுநிசியில் உச்சத்துக்குப் போகும். இதுதான் இந்த நோயின் முகம். கெண்டைக்காலைத் திடீரென்று பிடித்துக்கொண்டு கல்லாகிப் போகும் குரக்களி வேறு. சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் எரிச்சலும் மதமதப்பும் வேறு. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தும் வரலாம். பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் அதிகம் வரும்; பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் போய்விடும். குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். உங்கள் பாட்டி இரவெல்லாம் முற்றத்தில் நடந்தார் என்றால், அது பேய் பிடித்த நடை என்று யாராவது கதை சொன்னால், அந்தக் கதையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாய்மாரே, இதைக் கவனித்துக் கேளுங்கள்.

நம் மூளையில் டோபமின் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. உடல் அசைவைச் சீராக வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். இந்த நோய் உள்ள பலருக்கு மூளையில் இரும்பு குறைவாக இருக்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றிப் போயிருக்கலாம். அந்தச் சேமிப்பை அளக்கும் இரத்தப் பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர். ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 20, 30 என்று இருந்தால்கூடச் சரியான அளவு என்று அச்சடித்திருப்பார்கள். இந்த நோய்க்கு அது போதாது. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுப்பது பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, சில அளவுகளைப் பார்த்து, ஊசிவழி ஏற்றுகிறார்கள். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, "கால் உளைச்சலுக்கு ஃபெரிட்டின் பார்க்கலாமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பார்க்காமல் நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இரும்பு கூடினால் ஈரலைக் கெடுக்கும்.

2019–21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல். இந்தக் கோயிலின் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்துக்கொண்டே இந்த எண்ணைச் சொல்கிறேன். இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அம்மா கடைசியில்தான் சாப்பிடுவார்கள். மீன் குழம்பில் துண்டெல்லாம் எங்கள் தட்டுக்கு வந்துவிடும்; அம்மாவுக்குக் குழம்பும் தலையில் ஒட்டியிருக்கும் சதையும். முருங்கைக் கீரை ஆய்ந்து எங்களுக்கு வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கையோடு ஒரு கட்டங்காப்பி. காப்பியும் தேநீரும் உணவில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். குடும்பத் தலைவர்களே, இன்று மதியம் குழம்புச் சட்டியில் முதல் துண்டை யாருக்கு எடுத்து வைப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மருந்து விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை என்று, தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற அசத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பலருக்கு இந்தக் கால் உளைச்சலைக் கூட்டிவிடும். வாந்தியை நிறுத்தும் சில மாத்திரைகளும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். அதற்காக மனநல மருந்தை யாரும் இன்றே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் மாற்று வழி பார்ப்பார்.

இரண்டாவது, பல ஆண்டுகளாக இந்த நோய்க்கு முதலில் எழுதிக் கொடுத்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள். முதல் வாரத்திலேயே அற்புதம் நடந்ததுபோல் இருக்கும். நாளாக ஆக, இரவில் வந்த உளைச்சல் மதியமே வரத் தொடங்கி, கைக்கும் பரவி, முன்பைவிட மோசமாகிவிடுவது உண்டு. அதனால்தான் 2025-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், இவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும், இரும்பைச் சரிபார்ப்பதும் காபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகளும் முன்னால் வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவற்றுக்கும் தலைசுற்றல் போன்ற பக்க விளைவுகள் உண்டு. எதுவானாலும் மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இதில் ஒரு குருவாக என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பழைய வகை மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்ட வெறியையும், கண்மண் தெரியாமல் செலவு செய்யும் வெறியையும் கிளப்பிவிடும். அப்படி ஒருவர் என்னிடம் வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? மனந்திரும்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்க மாட்டேன். இனிமேல் கேட்பேன்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். கப்பர்நாகூமில் சீமோனின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்துக் கிடக்கிறார். மாற்கு அந்த இடத்தை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார். ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மா ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள்தாம், உடனே, அவரைப் பற்றி இயேசுவிடம் சொல்கிறார்கள். உடனே என்ற சொல் மாற்குக்குப் பிடித்த சொல். இங்கே அது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. சொன்ன பிறகு ஆண்டவர் அருகில் போகிறார், கையைப் பிடிக்கிறார், தூக்கி விடுகிறார். யாரும் சொல்லியிருக்காவிட்டால் அந்த அம்மா என்ன செய்திருப்பார்? நம் வீட்டுப் பெண்களைப்போல, விருந்தாளி வந்திருக்கும் நேரத்தில் இதையெல்லாம் எதற்குச் சொல்லிக்கொண்டு என்று உள்ளறையிலேயே கிடந்திருப்பார்.

நாங்கள் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். கொல்லையில் நடக்கும் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவரும் போய் ஒரு நல்ல மருத்துவரிடம், "எங்கள் அம்மா இரவெல்லாம் உறங்குவதில்லை, என்னவென்று பாருங்கள்" என்று சொல்லவில்லை.

செபித்தால் போதாதா ஃபாதர் என்று கேட்பவர்களுக்குச் சீராக்கின் ஞான நூலின் 38-ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். நோயுற்றவன் செபிக்க வேண்டும் என்று சொல்லும் அதே மூச்சில், மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறது அது. மருந்து மண்ணில் இருந்து வந்தது, அதைப் படைத்தவர் ஆண்டவர் என்கிறது. மண்ணில் இருந்து வந்த இரும்பைவிட இதற்குப் பொருத்தமான மருந்து எது?

அடுத்ததாக உங்கள் முன்னால் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நற்செய்தியின் பிற்பகுதியில், இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று கேட்டோம். இந்தப் பகுதியை வைத்து, வார நாள்களில் காலை ஐந்தரை மணிப் பூசைக்கு வராதவர்களை இதே இடத்தில் நின்று கடிந்திருக்கிறேன். ஆண்டவரே விடியுமுன் எழுந்தார், உங்களுக்கு என்ன சோம்பல் என்று கேட்டிருக்கிறேன். இந்த நோயின் ஒரு குணத்தை அப்போது நான் அறியவில்லை. நடுநிசியில் உச்சத்தில் இருந்த உளைச்சல் விடியும்போதுதான் தணியும். மூன்றரை, நான்கு மணிக்குத்தான் அவர்களுக்குக் கண் மூடும். அந்த நேரத்தில்தான் நம் கோயிலில் முதல் மணி அடிக்கிறது. இரவு முழுவதும் விழித்துக் கிடந்தவரை நான் சோம்பேறி என்றேன். அப்படி யாராவது இங்கே இருந்தால், என்னை மன்னியுங்கள். உங்களுக்குச் சாயங்காலப் பூசை இருக்கிறது. அதற்கும் முடியாத நாளில், படுத்திருக்கும் இடத்தில் சொல்லும் ஒரு சிறு செபத்தை ஆண்டவர் வாங்கிக்கொள்வார்.

பகலில் கண் அசருகிறவர்களுக்கும் ஒரு சொல். குழந்தை இயேசுவின் புனித தெரேசா, தாம் செப நேரத்தில் தூங்கிவிடுவதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விழித்திருக்கும் பிள்ளையைப்போலவே தூங்கும் பிள்ளையையும் பெற்றவர்கள் நேசிக்கிறார்கள் என்று அவர் ஆறுதல் அடைந்தார். திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று கொண்டாடுகிறது.

தூங்குவதற்கு என்னதான் வழி என்றால், மருத்துவரைப் பார்ப்பதோடு, வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. மதியத்துக்குப் பிறகு காப்பி, தேநீரை விடுங்கள். மது இதை நன்றாகவே கூட்டும், புகையும் அப்படித்தான். சாயங்காலம் அளவாக நடங்கள். படுக்கப் போகும் நேரத்தில் கடுமையான வேலையோ ஓட்டமோ வேண்டாம். படுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வையுங்கள். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் கேட்கும். என் அம்மாவுக்குத் தொட்டித் தண்ணீர். சுவரில் கைவைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிடுங்கள். காலைப் பிடித்துவிட ஆள் இருந்தால் பிடித்துவிடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்தால், தூக்கம் மெல்ல ஓர் ஒழுங்குக்கு வரும்; விடியற்காலையில்தான் உறங்குகிறவர்களுக்கு அந்த நேரம் கொஞ்சம் தாமதமாக இருந்தால் குறையில்லை. வீட்டில் உள்ளவர்கள் அவர்களை அதுவரை உறங்க விடுங்கள். உளைச்சல் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடக்காதீர்கள், எழுந்து நடங்கள்.

நடக்கும்போது செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முழந்தாளில் நின்று சொன்னால்தான் செபம் என்று யாரும் சட்டம் போடவில்லை. சிலுவைப் பாதையை நாம் நடந்துதானே செய்கிறோம்? வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வழியெல்லாம் செபித்துக்கொண்டுதானே போகிறார்கள்? மனம் ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது இந்த உளைச்சல் பலருக்குக் குறையும். பூத்தையல், கணக்குப் புதிர், கதை கேட்பது எல்லாம் அதற்குத்தான் உதவுகின்றன. நள்ளிரவில், முற்றத்தில், செபமாலையின் ஒரு மணிக்கு ஓர் அடி என்று வைத்து நடக்கும் ஒரு தாயை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அந்த நேரத்தில் அவர் தனியாக இல்லை. யாக்கோபும் இரவெல்லாம் ஒரு போராட்டத்தில் இருந்தார். விடிந்தபோது நொண்டிக்கொண்டேதான் போனார், ஆனால் ஆசி பெற்றவராகப் போனார்.

கணவன்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் உள்ள பெரும்பாலோருக்குத் தூங்கிய பிறகும் கால் தானாக உதறும். 20, 40 நொடிக்கு ஒருமுறை என்று தொடர்ந்து உதறும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது உதையாக விழும். கோபம் வருவது இயல்பு. "உனக்கு என்ன கேடு, சும்மா படு" என்று சொல்வதும் வாயில் வந்துவிடுகிறது. சும்மா படுக்கத்தான் அவர்களுக்கு முடியவில்லை. தேவைப்பட்டால் பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டவர் கடைசி இரவில் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துச் சீடர்களின் காலைத் தொட்டார். பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும்போது எனக்கு ஜன்னல் கம்பி நினைவுக்கு வரும். அன்று ஒரு சிறுவனாக நான் செய்ததுதான், என் அம்மாவுக்கு நான் செய்த ஒரே மருத்துவம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தூக்கம் இல்லாதவர் மனம் இருண்டுபோகும். இன்றைய வாசகத்தில் யோபு தம் நாள்கள் நம்பிக்கை இல்லாமல் முடிந்துபோகின்றன என்ற அளவுக்குப் போய்விடுகிறார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று திருவிவிலியம் எங்கும் சொல்லவில்லை. அறிவுரை சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடவுள் கடைசியில் கடிந்துகொண்டார். உங்கள் வீட்டில் யாராவது, இனி வாழ்ந்து என்ன என்கிற மாதிரி ஒரு சொல் சொன்னால், அன்றே அவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என்னை நடுராத்திரியில் எழுப்பினாலும் வருவேன்.

பிப்ரவரி 11 நெருங்கி வருகிறது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள், லூர்து அன்னையின் திருநாளிலேயே வருகிறது. அன்று மாலைத் திருப்பலியில் நோயில்பூசுதல் தருவோம். வழக்கமாகப் படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும்தான் அன்பியத்தில் இருந்து கூட்டி வருவீர்கள். இம்முறை அன்பியப் பொறுப்பாளர்களும் மரியாயின் சேனையினரும் வீடு வீடாகப் போகும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "ராத்திரி நல்லா தூங்குறீங்களா?" பதில் சொல்லத் தயங்குவார்கள். உட்கார்ந்து கேளுங்கள். அன்று திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கெபிக்குப் பக்கத்தில் இருப்பார். உளைச்சல் இருக்கிறவர்கள் மட்டும் வர வேண்டாம். கூடவே வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்பவர் ஒருவரும் வாருங்கள், அவர் சொல்லட்டும்.

பின்னால் தூண்களுக்கு இடையில் இருந்த இரண்டு பெஞ்சுகளை நேற்று எடுத்துவிடச் சொன்னேன். எதற்கு என்று உபதேசியார் கேட்டார். நின்றுகொண்டே பூசை காண வேண்டியவர்களுக்காக என்றேன். அங்கே நிற்கலாம், நடக்கலாம், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது எழுந்து நம்பிக்கை அறிக்கை சொல்வோம். அங்கே ஏற்கெனவே எழுந்து நிற்கும் தாயே, நீங்களும் எங்களோடு சேர்ந்து சொல்லுங்கள்.